டர்ஹமில் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளுக்கு வாடிக்கை வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் டர்ஹம், கேரி, மோரிஸ்வில் வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். டர்ஹம் நகரில் மூவரில் ஒருவர் கறுப்பினத்தவர். அப்படியிருந்தும், பத்துப் பதினைந்து வருடம் இங்கே இருந்துவிட்டு அவர்கள் கடை ஒன்றில்கூட கால் வைக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இதைப் பற்றி நண்பர்கள் வீட்டுக் கூடத்திலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தருகிறேன்.

கடை என்றால் கடைதானே? முதலாளி யார் என்று பார்த்து வாங்க வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்ல ஒரு சாலையிலிருந்து தொடங்க வேண்டும். டர்ஹம் ஃப்ரீவே என்கிற 147ஆம் நெடுஞ்சாலை நம் எல்லாருக்கும் தெரியும். ஆர்.டி.பி. என்கிற ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் அலுவலக வட்டாரத்துக்கும் டவுன்டவுனுக்கும் இடையே ஓடுகிறவர்கள் அதில் ஏறாமல் இருக்க முடியாது. அந்தச் சாலை டவுன்டவுனுக்குத் தெற்கே போகும் இடத்தில் ஒரு ஊர் இருந்தது. பெயர் ஹேட்டை. கறுப்பினத்தவரின் முதல் சுதந்திரக் குடியரசான ஹைட்டியின் பெயரை வைத்துக்கொண்ட பகுதி. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் புகையிலைத் தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறி, ஒன்றிரண்டு தலைமுறைக்குள் கட்டி எழுப்பினார்கள். மளிகை, மருந்துக்கடை, தையல், சலூன், ஹோட்டல், சினிமா தியேட்டர் என்று எல்லாமே வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தன.

1950களின் கடைசியில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற திட்டம் வந்தது. புது வீடு, புதுக் கடை கட்டித் தருவோம் என்ற வாக்குறுதியை நம்பி 1962 வாக்கெடுப்பில் கறுப்பினத் தலைவர்களே அதற்கு ஆதரவு கொடுத்தார்கள். இடிப்பு நடந்தது, சாலை வந்தது, சொன்ன கடைகள் வரவில்லை. 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. சுமார் 500 தொழில்கள் அப்புறப்படுத்தப்பட்டன. சில கடைகளைத் 'தற்காலிகமாக' ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அதற்கு 'டின் சிட்டி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

கட்டடத்துக்கு நஷ்டஈடு கொடுத்தாலும் வாடிக்கைக்கு யார் கொடுப்பது? தினமும் காலையில் பால் வாங்க வருகிற அம்மா, சனிக்கிழமை முடி வெட்ட வருகிற அப்பா, கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சம்பள நாளில் தீர்க்கிற குடும்பம், எல்லாரும் நகரின் நான்கு மூலைக்கும் சிதறிப் போனார்கள். கடைக்குக் கூரை கிடைத்தாலும் ஆள் வரவில்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் சாலை அப்படி வந்தது. அது எனக்கு இருபது நிமிடம் மிச்சம் செய்கிறது. அதனால்தான் இந்த ஊரில் இருக்கும்வரை அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளராக இருப்பது என் கடன் என்று நினைக்கிறேன். தானம் என்ற சொல்லை இங்கே யாரும் எடுக்க வேண்டாம். நான் பணம் கொடுக்கிறேன், அவர்கள் நல்ல பொருள் கொடுக்கிறார்கள்.

'பிளாக் வால் ஸ்ட்ரீட்' என்று டவுன்டவுனில் பலகை பார்த்தேன். அது துல்சாவில் இல்லையா?

கறுப்பினத்தவரின் தொழிலும் பணமும் செழித்த இடத்துக்கு வைத்த பெயர் அது. இரண்டு ஊருக்கும் உண்டு. ஒக்லஹோமாவின் துல்சாவில் கிரீன்வுட் பகுதியை 1921 மே 31, ஜூன் 1 இரண்டு நாட்களில் வெள்ளையர் கும்பல் எரித்தது. 35 தெருவட்டாரங்கள் சாம்பலாயின. டர்ஹமில் அந்தப் பெயர் பாரிஷ் தெருவுக்கு. டவுன்டவுன் நடுவில், நான்கு நிமிடத்தில் நடந்து முடிக்கக்கூடிய சின்னத் தெரு.

அங்கே தலைநிமிர்ந்து நின்றது நார்த் கரோலினா மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். 1898ல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கியது. அதில் முக்கியமானவர் ஜான் மெரிக். 1859ல் அடிமையாகப் பிறந்து, செங்கல் கட்டும் வேலை பார்த்து, பிறகு பல சலூன்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். இன்னொருவர் ஆரன் மூர், டர்ஹமின் முதல் கறுப்பின மருத்துவர். நிர்வாகியாக அவர்கள் கூட்டி வந்த சி.சி. ஸ்பால்டிங், அதற்கு முன் ஒரு கூட்டுறவு மளிகைக் கடையை நடத்தி, அது நொடித்துப் போய் 300 டாலர் கடனோடு நின்ற இளைஞர்.

தொடக்க நாட்களில் ஒரு பாலிசிக்கு 40 டாலர் கொடுக்க வேண்டி வந்தது. பெட்டியில் அவ்வளவு இல்லை. மெரிக்கும் மூரும் சொந்தப் பையிலிருந்து போட்டுக் கட்டினார்கள். அந்த ரசீதை எடுத்துக்கொண்டு ஸ்பால்டிங் வீடு வீடாகப் போய், "பாருங்கள், சொன்னபடி கொடுத்துவிட்டோம்" என்று காட்டி அடுத்த பாலிசிகளை விற்றார். வாரா வாரம் சில்லறைக் காசு வசூலித்தே அந்த நிறுவனம் வளர்ந்தது. 1907ல் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கிக்கு உரிமம் கிடைத்து, மறு வருடம் அதே தெருவில் திறந்தார்கள். முதல் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், செங்கல் சூளைக்காரர். கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் இந்த ஊரைப் பார்த்துவிட்டு 1912ல் வியந்து எழுதினார்.

அதெல்லாம் பழைய கதை. இப்போதும் அவர்களுக்குச் சிரமம் இருக்கிறதா?

இருக்கிறது. நம்மவர்களில் கடை வைத்தவர்களை முதலில் கேட்டுப் பாருங்கள், முதல் போட்டது யார் என்று. அண்ணன் கொடுத்தார், மனைவியின் நகை, வீட்டின் மேல் எடுத்த கடன் என்பார்கள். அந்த அண்ணனும் அந்த வீடும் இல்லாவிட்டால்? 1930களிலிருந்து கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு 'ஆபத்து' என்று ஒதுக்கி, வீட்டுக்கடன் மறுத்தார்கள். வீடு இல்லாததால் பிள்ளைகளுக்கு விட்டுப் போகச் சொத்தும் இல்லை. ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் வரிசையில் நடுவில் நிற்கும் (மீடியன்) வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். கடையைத் திறக்கும் முன்பே இந்த வித்தியாசம் முடிவாகிவிடுகிறது.

நாட்டின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 14 சதவீதம். ஆள் வைத்து நடத்தும் தொழில்களில் அவர்களுக்குப் பெரும்பான்மைச் சொந்தம் உள்ளவை 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் வளர்ச்சியும் உண்டு. 2017ல் 1,24,004 ஆக இருந்த எண்ணிக்கை 2022ல் 1,94,585 ஆனது. கைப்பணம் இல்லாத கடை எவ்வளவு சீக்கிரம் மூடும் என்பதை கோவிட் காட்டியது. 2020 பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் தொழிலில் இருந்த கறுப்பின உரிமையாளர்களின் எண்ணிக்கை 41 சதவீதம் விழுந்தது. அந்த மே மாதம் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, ஜூனில் ஊர் முழுக்க அவர்கள் கடைகளில் வரிசை கட்டி நின்றது. நானும் நின்றேன். அடுத்த பிப்ரவரியில் அதே கடைகளில் கூட்டம் இல்லை. கடை வாடகை மட்டும் மாதா மாதம் வந்தது.

நம்ம ஆட்கள் கடையே திணறுகிறது. முதலில் அதைப் பார்க்கக் கூடாதா?

பாருங்கள். இட்லி மாவும் கறிவேப்பிலையும் எங்கே வாங்குகிறீர்களோ அங்கேயே வாங்குங்கள், நானும் அப்படித்தான். ஆனால் வாரத்தில் நாம் செலவழிப்பதில் பெரும்பகுதி நம்மவர் கடைக்கும் போவதில்லை, அவர்கள் கடைக்கும் போவதில்லை. பெரிய சங்கிலிக் கடைகளுக்குப் போகிறது. அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1957 ஜூன் 23 அன்று டர்ஹமில் ராயல் ஐஸ்கிரீம் கடையில் பாதிரியார் டக்ளஸ் மூரும் வேறு ஆறு இளைஞர்களும் வெள்ளையருக்கு ஒதுக்கிய பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கைதாகி, அபராதமும் கட்டினார்கள். அப்படிப்பட்ட போராட்டங்கள் சேர்ந்துதான் 1964ன் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அந்த அலையிலேயே 1965ல் குடியேற்றச் சட்டம் மாறி, நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் கதவு திறந்தது. நாம் உள்ளே வந்த வழி அவர்கள் போட்டது.

யார் கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்க முடியுமா?

கடைக்காரர் முகத்தைப் பார்த்து "நீங்கள் கறுப்பரா?" என்று கேட்காதீர்கள். 2020 ஜூலையிலிருந்து கூகுள் வரைபடத்தில் கடைக்காரர்கள் விரும்பினால் 'கறுப்பினத்தவருக்குச் சொந்தமானது' என்று அடையாளம் போட்டுக்கொள்ளலாம். பலர் போட்டிருக்கிறார்கள். அதைவிட நல்ல வழி, ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் கறுப்பின நண்பரிடம் "நீங்கள் எங்கே முடி வெட்டிக்கொள்கிறீர்கள், அம்மாவைச் சாப்பிட எங்கே கூட்டிப் போவீர்கள்?" என்று கேட்பது. எனக்குத் தெரிந்த கடைகளில் பாதி அப்படித் தெரிந்தவைதான்.

ஃபேயட்வில் தெருவில் நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம் ஒருமுறை மெதுவாகப் போய்ப் பாருங்கள். 1957ல் தொடங்கி, நகரப் புதுப்பிப்பில் இடம் பெயர்ந்தும் பிழைத்த 'சிக்கன் ஹட்' உணவகம் அந்தத் தெருவில்தான். கறுப்பின விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்கும் பிளாக் ஃபார்மர்ஸ் மார்க்கெட் டர்ஹமிலும் ராலேயிலும் மாறி மாறி நடக்கும். தேதியும் இடமும் பார்த்துவிட்டுப் போங்கள். 1920ல் நாடு முழுக்க ஒன்பது லட்சத்துக்கும் மேல் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று மொத்த விவசாயிகளில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அந்தச் சந்தையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கும்போது இது என் மனதில் ஓடும்.

நாங்கள் சைவம். சோல் ஃபுட் என்கிற கறுப்பினத்தவர் சமையல் கடையில் என்ன சாப்பிடுவது?

சாப்பிட நிறைய இருக்கிறது, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காலர்ட் கீரை பார்க்கச் சுத்த சைவமாக இருக்கும். பெரும்பாலும் பன்றிக் கால் எலும்போ புகையூட்டிய வான்கோழியோ போட்டுத்தான் வேகவைப்பார்கள். பயறு, பச்சை பீன்ஸ் இவற்றுக்கும் அதே கதை. "இதில் இறைச்சி சேர்த்திருக்கிறீர்களா? சைவமாகச் செய்தது ஏதாவது உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சோள ரொட்டி, பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அதையும் கேளுங்கள். மக்ரோனி-சீஸ், சர்க்கரைப்பாகில் வேகவைத்த வள்ளிக்கிழங்கு, வறுத்த வெண்டைக்காய், வள்ளிக்கிழங்கு 'பை' என்கிற இனிப்பு எல்லாம் பெரும்பாலும் ஒத்துவரும். எண்ணெய் ஒரே சட்டியா என்பது மட்டும் உங்கள் அனுஷ்டானத்தைப் பொறுத்தது.

என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு ஜனவரி முதல் தேதி கூட்டிப் போனேன். புத்தாண்டன்று காராமணியும் சோறும் சாப்பிட்டால் வருடம் நன்றாக இருக்கும் என்பது தென் மாநிலங்களில் வழக்கம். இறைச்சி இல்லாமல் செய்ததைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஒரு பயற்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தட்டப்பயறுடா. இங்க எப்படி வந்துச்சு?" என்றார். கவுன்டரில் இருந்த பெரியம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் ஆட்களோடு வந்தது" என்றார். உண்மைதான். காராமணியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து ஒரு பக்கம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்தது, இன்னொரு பக்கம் அடிமைக் கப்பல்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. வெண்டைக்காய்க்கு இவர்கள் சொல்லும் 'ஓக்ரா' என்ற பெயரும் நைஜீரியாவின் இக்போ மொழிச் சொல்தான். அன்று அம்மா இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

விழாவுக்கு அவர்களிடம் கேட்டரிங் சொல்லலாமா?

கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆனால் நாங்கள் செய்த தவறைச் செய்யாதீர்கள். சில வருடம் முன்பு எங்கள் அமைப்பின் கூட்டம் ஒன்றுக்கு எண்பது பேருக்குச் சாப்பாடு சொன்னோம். ஏற்பாடு என் பொறுப்பு. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சூடாக வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பொருளாளர் ஊருக்குப் போயிருந்தார். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று 47 நாள் ஓடிவிட்டது.

செக்கைக் கொடுக்க நானே போனேன். சமைத்துத் தந்த அந்த அம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பில்லின் நகலை எடுத்து வைத்தார். தேதியைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. கோழியும் எண்ணெயும் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தார். இரண்டு மாத வட்டி அவர் தலையில் விழுந்தது. உதவிக்கு வந்த பெண்ணுக்கு அந்த வாரக் கூலியைச் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்திருந்தார். பெரிய கேட்டரிங் கம்பெனி என்றால் 60 நாள் தாங்கும். இவருக்கு அந்த எண்பது பேர் சாப்பாடுதான் அந்த மாத வருமானத்தில் பாதி. ஆதரவு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நாங்கள் அவருக்குக் கடன்காரர்களாக இருந்தோம்.

இப்போது பாதிப் பணம் ஆர்டர் சொல்லும்போது, மீதி சாப்பாடு வந்து இறங்கும்போது, இதை எழுதி வைத்துவிட்டுத்தான் ஆர்டரே கொடுக்கிறோம். எண்ணிக்கையைக் கடைசி நாளில் மாற்றுவதில்லை. நம் வழக்கப்படி "120 பேருக்கு ஆர்டர், 200 பேர் வந்தால் சமாளித்துக்கொள்ளுங்கள்" என்பதும் கிடையாது.

விலை கொஞ்சம் கூடவே இருக்கிறதே. பேரம் பேசலாமா?

வேண்டாம். சங்கிலிக் கடை லாரிக் கணக்கில் வாங்குகிறது, இவர் பெட்டிக் கணக்கில் வாங்குகிறார். அந்த வித்தியாசம்தான் விலையில் தெரிகிறது. கட்டுப்படியாகாத பொருளை வாங்காமல் விடுங்கள், அது தவறில்லை. பணம் மிச்சமாக வேண்டுமென்றால் டெலிவரி ஆப்பைத் தவிர்த்து ஃபோனில் சொல்லிவிட்டு நீங்களே போய் எடுத்து வாருங்கள். ஆப்கள் கடைக்காரரிடமிருந்து 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன. சின்னத் தொகைக்குக் கையில் ரொக்கம் கொடுத்தால் கார்டுக் கட்டணமும் அவருக்கு மிச்சம்.

சாப்பாடு மட்டும்தானா?

இல்லை. உண்மையில் சாப்பாட்டைவிட மற்றவற்றில்தான் பெரிய தொகை இருக்கிறது. வரிக் கணக்கு பார்ப்பவர், பிளம்பர், கூரை பழுது பார்ப்பவர், கல்யாண போட்டோகிராபர், டீஷர்ட் அச்சடிப்பவர், குழந்தைக் காப்பகம் எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஒரு கூரை வேலை நூறு சாப்பாட்டுத் தட்டுக்குச் சமம். மூன்று பேரிடம் விலை கேட்கும் இடத்தில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்கட்டும். வேலையைத் தகுதி பார்த்துக் கொடுங்கள். நம் பட்டியலில் அவர்கள் பெயரே வராமல் இருப்பதுதான் பிரச்சினை.

வங்கி?

பாரிஷ் தெருவில் தொடங்கிய மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ், இப்போது எம் அண்ட் எஃப் வங்கி என்ற பெயரில், இன்றும் இயங்குகிறது. மற்ற வங்கிகளைப் போலவே உங்கள் பணத்துக்கு 2,50,000 டாலர் வரை எஃப்.டி.ஐ.சி. என்கிற மத்திய அரசு அமைப்பின் காப்பீடு உண்டு. அமைப்புகளின் சேமிப்புக் கணக்கு சும்மா கிடப்பதை அங்கே மாற்றினால், அந்தப் பணம் இந்த ஊர்க் கடைகளுக்கே கடனாகப் போக வழி கிடைக்கும்.

இனம் பார்த்து வாங்குவது சட்டத்துக்கு எதிரானதா? ஏதோ வழக்குகூட நடந்ததாமே?

எந்தக் கடையில் சாப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். நீங்கள் கேள்விப்பட்டது வேறு வழக்கு. கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் என்று நிதி உதவி கொடுத்த அட்லாண்டா நிறுவனம் ஒன்றின் திட்டத்தை 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. விடுதலையான அடிமைகளைக் காக்க 1866ல் எழுதிய சட்டத்தை வைத்தே அந்த வழக்கு நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. உங்கள் அமைப்பும் அப்படி ஒரு இனத்தவருக்கு மட்டும் என்று போட்டி நடத்திப் பணம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபேயட்வில் தெரு, ஹேட்டைப் பக்கம் எல்லாம் பாதுகாப்பா?

இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள், நானும் நேராகவே சொல்கிறேன். பல வருடமாகப் பகலிலும் மாலையிலும் குழந்தைகளோடு போய்வருகிறேன். சர்ச், பல்கலைக்கழகம், நூலகம், வீடுகள் உள்ள சாதாரணத் தெருக்கள். 1891ல் கட்டிய பழைய செயின்ட் ஜோசப் தேவாலயம் இடிப்பில் தப்பி, இன்று ஹேட்டை ஹெரிட்டேஜ் சென்டராக இருக்கிறது. அங்கே ஒரு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள். இந்தக் கேள்வி நமக்குள் எங்கிருந்து வந்தது என்பதையும் வீட்டில் பிள்ளைகள் முன்னால் பேச வேண்டும்.

கடையில் எப்படிக் கூப்பிடுவது?

வயதில் மூத்த பெண்களைப் பெயருக்கு முன் 'மிஸ்' சேர்த்துச் சொல்லுங்கள், பதிலுக்கு 'மேம்' போடுங்கள். நாம் அக்கா, அம்மா என்பது போலத்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், மெனு அப்புறம்.

சாப்பாடோ வேலையோ சரியில்லை என்றால்?

அவரிடமே சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு ஒதுங்கிப் போகாதீர்கள். பிடித்திருந்தால் இரண்டு வரி நல்லதாக எழுதி, எடுத்த போட்டோவையும் போடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அந்தக் கடைக்கே திரும்பத் திரும்பப் போங்கள். ஆறாவது மாதத்தில் உங்கள் தட்டில் கீரை வேண்டாம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். சர்ச் விட்டதும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், மக்ரோனி முதலில் தீர்ந்துவிடும்.